தொடையில் வைத்த பிளேற் முறிந்துவிட்டது: நட்டஈடு கோர இடமுண்டா?

பரந்தன்_வாசி:
வணக்கம். விபத்தில் தொடை எலும்பு முறிந்த என் அண்ணனுக்குச் சென்ற ஆண்டு அரச வைத்தியசாலையொன்றில் பிளேற் (எலும்பைப் பிணைக்கும் உலோகத் தகடு) வைத்தார்கள். பொருத்தமான அளவு அங்கே கையிருப்பில் இல்லாததால், அளவை எழுதித் தந்து வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது. ஒரு வருடம் நிறைவதற்குள், ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தபோதே அது முறிந்துவிட்டது. அடுத்த மாதம் மறுபடியும் சத்திரசிகிச்சை. எலும்பு பொருந்தாததால்தான் பிளேற் முறிந்தது என்று வைத்தியர் சொல்கிறார். விற்றவரோ ஆஸ்பத்திரியில் கேட்கச் சொல்கிறார். அதே தொடையில் 2009 இல் பட்ட ஷெல் துண்டொன்றும் இன்னும் இருக்கிறது. வெளிநாடுகளில் பழுதான இடுப்பு மூட்டுகளுக்குப் பெருந்தொகை நட்டஈடு கிடைத்ததாக அறிகிறோம். எங்களுக்கு அப்படி ஒரு வழி உண்டா?

முல்லை_தாதி:
சட்டம் எனக்குத் தெரியாது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் பல வருடங்கள் வேலை செய்தவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெளியே எடுக்கப்படும் முறிந்த பிளேற்றையும் ஸ்குறூக்களையும் உங்களிடம் தரும்படி, சத்திரசிகிச்சைக்கு முன்னரே வைத்தியருக்குக் கடிதம் கொடுங்கள். கேட்காவிட்டால் அவை பெரும்பாலும் கழிவோடு போய்விடும். கையில் கிடைத்ததும் முறிந்த இரு முனைகளையும் ஒன்றோடொன்று உரசவிடாமல் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். உலோகம் எப்படி முறிந்தது என்பதை நிபுணர் அந்த முகங்களை உருப்பெருக்கியில் பார்த்தே சொல்வார். பிளேற்றின் மேல் நுண்ணிய எழுத்தில் தயாரிப்பாளரின் அடையாளமும் உற்பத்தித் தொகுதி இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கலாம். இருந்தால் படமெடுத்து வையுங்கள்.

வவுனியா_சட்டத்தரணி:
தங்கை சொன்னதே முதல் வேலை. முறிந்த பிளேற் எல்லாம் பழுதான பிளேற் அல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். எலும்பு பொருந்தும் வரை சுமையைத் தாங்குவதற்கே பிளேற் வைக்கப்படுகிறது. எலும்பு பொருந்தாமல் நாள் நீடித்தால், ஒவ்வொரு அடியிலும் வளைந்து நிமிர்ந்து, நல்ல உலோகமும் களைப்புற்று முறியும். எனவே வைத்தியர் சொன்ன காரணம் சாட்டு அல்ல. ஆனால் அது முழுக்காரணமா, அல்லது உலோகத்தில் குறையோ உற்பத்தியில் தவறோ இருந்ததா என்பதைப் பரிசோதனைதான் காட்ட வேண்டும். ஷெல் துண்டையும் எதிர்த்தரப்பு நிச்சயம் இழுக்கும். பழைய காயத்தால் எலும்பு ஏற்கெனவே பலவீனமாக இருந்தது என்று வாதிடுவார்கள். ஆகவே பழைய எக்ஸ்ரே படங்களையும் கிளினிக் கொப்பிகளையும் தேடி எடுத்து வையுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட இடுப்பு மூட்டு விடயம், டெப்பியூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்ற ஏஎஸ்ஆர் மூட்டாக இருக்கும். ஐந்து வருடங்களுக்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு மறுசத்திரசிகிச்சை தேவைப்பட்டதை மூட்டு மாற்றுச் சிகிச்சைப் பதிவேடுகள் காட்டியதால்தான் அந்த நோயாளர்கள் பலமாக நின்றார்கள். அதே நிறுவனத்தின் வேறொரு மூட்டுக்காக முந்நூறுக்கு மேற்பட்டோர் இங்கிலாந்தில் தொடுத்த வழக்கு 2018 இல் தோற்றது. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிளேற்.

இங்கே இலங்கையில் பொருட்பழுதுக்கென்று தனிச்சட்டம் இல்லாத நிலையில், கவனயீனத்துக்கான வழக்கை நம் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தின் கீழும், விற்றவர் மீதான கோரிக்கையை 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் கீழும் மாவட்ட நீதிமன்றத்தில் கொண்டுசெல்லலாம். கவனயீனத்தை மட்டுமல்ல, அதனாலேயே பாதிப்பு ஏற்பட்டது என்பதையும் நிரூபிக்க வேண்டும்; மருத்துவக் கவனயீனம் பற்றிய பிரியானி சொய்சா வழக்கில் 2001 இல் உயர் நீதிமன்றம் இந்தக் காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. அரச வைத்தியசாலையையும் சேர்ப்பதானால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட அவசரமானது காலம். காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இழப்பு, காயம் பற்றிய வழக்கை இரண்டு வருடங்களுக்குள் தொடுக்க வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று பின்னர் வாதாடலாம்தான், ஆனாலும் நீங்கள் முதற் சத்திரசிகிச்சை நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

பரந்தன்_வாசி:
மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. பற்றுச்சீட்டில் "பிளேற் 1, ஸ்குறூ 8" என்று மட்டுமே எழுதியிருக்கிறது. தயாரிப்பாளர் பெயரோ தொகுதி இலக்கமோ இல்லை. இது போதுமா? சட்டத்தரணிக்குக் கொடுக்க எங்களிடம் பணமும் அதிகம் இல்லை.

வவுனியா_சட்டத்தரணி:
தனியாகப் போதாது, ஆனால் எறிந்துவிட வேண்டாம். விற்பனை நடந்ததற்கு அதுவே சான்று. பிளேற்றில் பொறித்திருக்கும் இலக்கம் தெரிந்ததும், அதைக் குறிப்பிட்டு, இறக்குமதியாளர் யார் என்று விற்றவரிடம் பதிவுத் தபாலில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் தபால் சீட்டு உதவும். மருத்துவ சாதனங்களைப் பதிவு செய்வது, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. அந்தப் பிளேற் பதிவு செய்யப்பட்டதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்கே விண்ணப்பித்துக் கேட்கலாம்; பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். பதிவில்லாத பொருள் என்று தெரியவந்தால் விற்றவரின் நிலை மிகவும் சங்கடமாகிவிடும். பணம் பற்றிய கவலைக்கு, வருமான விபரங்களுடன் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் செல்லுங்கள். போகும்போது வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் காட் (நோய் விபர அட்டை) பிரதியையும் கொண்டுபோங்கள். அது இல்லாமல் போனால் திரும்பி வரச் சொல்வார்கள்.