புதுப்பிப்பு: மகளின் காலைத் தும்மல் சளி இல்லை, அலர்ஜிதான்

மகள் காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்முகிறாள், மாதக்கணக்கில் மூக்கொழுகல் நிற்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பரிசோதனை முடிந்தது. தூசிப்பூச்சி அலர்ஜி, அதாவது வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்பூச்சியால் வருவது.

சளியா அலர்ஜியா என்று எப்படிப் பிரிப்பது எனப் பலர் கேட்டிருந்தீர்கள். சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். தொண்டை வலி, உடம்பு வலி, சில சமயம் காய்ச்சலும் சேர்ந்து வரும். அலர்ஜியில் காய்ச்சல் இருக்காது. மூக்கு தண்ணீராக ஒழுகும், கண்ணும் மூக்கும் அரிக்கும். அந்த அரிப்பைத்தான் கவனிக்க வேண்டும். மகள் உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பாள். மூக்கின் குறுக்கே விழுந்திருந்த மெல்லிய கோட்டை டாக்டர் காட்டினார், தேய்த்துத் தேய்த்தே வந்ததாம். கண்ணுக்குக் கீழே இருந்த கருமைக்கும் மூக்கடைப்புதான் காரணம்.

பரிசோதனையில், அலர்ஜி தரக்கூடிய பொருட்களின் கரைசல்களை முன்கையில் சொட்டு சொட்டாக வைத்து ஊசியால் லேசாகக் குத்தினார்கள். 15 நிமிடத்தில் தூசிப்பூச்சிச் சொட்டு வைத்த இடம் கொசுக்கடி போலத் தடித்துவிட்டது. அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் தடிப்பு சரியாகத் தெரியாது. இறால் சாப்பிட்டால் வாய் அரிக்குமா என்றும் டாக்டர் கேட்டார். இறாலிலும் தூசிப்பூச்சியிலும் ட்ரோபோமையோசின் என்ற புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது, அதனால் சிலருக்கு இரண்டுமே ஒத்துக்கொள்ளாதாம். அவளுக்கு அந்தத் தொந்தரவு இல்லை, நல்லவேளை.

இப்போது மூக்கு ஸ்ப்ரே, அப்புறம் தலையணை உறையும் விரிப்பும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில். தும்மல் நன்றாகவே குறைந்திருக்கிறது.

யாருக்காவது உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்துத் தலை சுற்றினாலோ மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.