மாரிக்கு முன் சவர்க்காரம், மாதவிடாய்ப் பாட் எவ்வளவு வாங்கி வைக்கலாம்?

நாவாந்துறைப் பிள்ளை:
2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் நான்கு நாள் இருந்தோம். சாப்பாட்டுப் பார்சல் நேரத்துக்கு வந்தது. பாட் கேட்கத்தான் வெட்கம். கொண்டுபோன ஒரே பைக்கற்றும் நனைந்து தலகாணி மாதிரி ஊதிவிட்டது. வீட்டில் அம்மம்மா, நான், இரண்டு மகள்மார். இரண்டு கிழமைக்கு என்ன வேண்டும்?

கோண்டாவில் அக்கா:
இடர்காலத்துக்கான ஸ்பியர் கையேட்டில் ஆளுக்கு மாதம் 250 கிராம் குளியல் சவர்க்காரம் என்று இருக்கு. உங்கள் நாலு பேருக்கு இரண்டு கிழமைக்கு 100 கிராம் கட்டி ஐந்து போதும். பாட்டை இரட்டைச் சொப்பின் பையில் கட்டி, மூடியுள்ள வாளிக்குள் வையுங்கோ. பிறகு அதே வாளி குளிக்க உதவும். ப்ளீச்சை மட்டும் வருடக்கணக்கில் வைக்காதீங்கோ, வீரியம் போய்விடும். எங்கள் யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலக்குழித் தண்ணீர் கிணற்றுக்குச் சுலபமாக வரும். குளோரின் போடாமல் வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்க வேண்டாம்.

பழைய வடமராட்சியான்:
தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை. சவர்க்காரம் கண்ணில் காணக் கிடைக்காது. பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். ஊத்தை போகும், வாசம் போகாது. கொடியில் காய்ந்த என் சேட்டின் கையை மாடு சப்பிவிட்டது! ஐந்து போதாது தங்கச்சி, பத்தாக வாங்கு.

நாவாந்துறைப் பிள்ளை:
சரி அண்ணை, பத்து. வாளி நாளைக்கே வாங்குகிறேன். அம்மம்மா மாட்டுக் கதைக்கு இன்னும் சிரிக்கிறா.