வடசென்னை விலைப்பட்டியல் வேண்டும்: குறைந்தபட்சக் கூலி மனுவுக்கு

தோழர்களே, கூலியை உயர்த்தினால் சின்னக் கம்பெனிகள் மூடிவிடும் என்கிற வாதத்துக்குக் கணக்கோடுதான் பதில் சொல்ல முடியும். 1957 இந்தியத் தொழிலாளர் மாநாடு அந்தக் கணக்கை வகுத்துவிட்டது: ஒரு குடும்பத்துக்கு 3 நுகர்வு அலகு (ஒரு அலகு என்பது வயதுவந்த ஒருவரின் தேவை), ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 2,700 கலோரி, வருடத்துக்கு 72 கெஜம் துணி, வாடகை தனி, எரிபொருள், விளக்கு, மற்றதுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். படிப்பு, மருத்துவம் முதலியவற்றுக்கு 25 சதவீதத்தை 1991ல் உச்ச நீதிமன்றம் சேர்த்தது.

இந்தக் கணக்கை மனுவில் போட நமக்குத் தேவை நம் பக்கத்து விலை. காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூரில் இருப்பவர்கள் அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், பால், காய், மீன் விலையை ஒரே வாரத்தில் எடுத்து அனுப்புங்கள். ரேஷன் விலையைக் கலக்காதீர்கள், தனியாக எழுதுங்கள். மளிகைக் கடை பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். அந்தத் தாளில் அச்சு சில மாதத்தில் வெளுத்துவிடும், பிறகு ஆதாரமே இல்லை. வாடகைக்கு ரசீது தரமாட்டார்கள், ஜிபே பதிவு போதும். கரண்டுக்கு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்பதும் வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

காண்ட்ராக்ட் துப்புரவு, செக்யூரிட்டி வேலையில் இருப்பவர்கள் சம்பளச் சீட்டும் அனுப்புங்கள். பெயர், பிஎஃப் எண்ணை மறைத்துவிடுங்கள். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, ஓவர்டைம் வரிகள் தெரிந்தால் போதும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி சட்டப்படி உண்டு. ஒற்றைக் கூலி போட்டிருந்தால் அந்தச் சீட்டை முதலில் அனுப்புங்கள்.

எக்செலில் கூட்டிப் போட இரண்டு பேர் வேண்டும். யாரால் முடியும்?