தோழன் விழுந்திட்டான்

குறூப்: பாலையூத்து வளவு
(நிரோவின் போனில் இருந்தபடி. துவா என்ர தம்பி, ஊர் திருகோணமலை)

சனிக்கிழமை

தவறிய குழு வீடியோ அழைப்பு, அதிகாலை 3:04

காலை 6:12
பவா மாமி கனடா: ஐயோ துவாவுக்கு அக்சிடென்ற்றாம். பாரிஸ் றோட்டில. இஞ்ச ஆரோ பேஸ்புக்கில பாத்திட்டுச் சொல்லுகினம். சாந்தி அண்ணி எழும்பிட்டாவோ? அவவுக்கு இப்ப சொல்லாதேங்கோ

அம்மா: பவா நானும் இந்தக் குறூப்பிலதான் இருக்கிறன்

அம்மா: என்ன நடந்தது

அம்மா: ஆராவது சொல்லுங்கோவன்

கௌசி அக்கா: சித்தி பதறாதேங்கோ. ரவி சித்தப்பாவை எடுங்கோ

அம்மா: லைன் பிஸி

பவா மாமி கனடா: மோட்டச்சைக்கிள் அடிச்சதாம்

நான்: ஆர் சொன்னது மாமி

பவா மாமி கனடா: சொல்லுகினம் பிள்ளை

ரவி சித்தப்பா பாரிஸ்: ஒருத்தரும் பயப்பிட வேண்டாம். ஆஸ்பத்திரியால கூட்டிக்கொண்டு வந்து இப்பதான் படுக்க விட்டிருக்கு. வலது மணிக்கட்டு முறிவு, அவ்வளவுதான். மோட்டச்சைக்கிள் ஒண்டும் அடிக்கேல்ல. ஸ்கேற்றிங் போகேக்க விழுந்தவன்

அம்மா: என்னத்தில போகேக்க?

அபி: றோலர் ஸ்கேற் பெரியம்மா. சில்லுச் சப்பாத்து

அம்மா: இரவிலயா?

அம்மா: றோட்டிலயா??

அப்பா: ஓம்

அம்மா: நீங்கள் என்ன ஓம் எண்டுறியள். உங்களுக்கு முதலே தெரியுமோ

ரவி சித்தப்பா பாரிஸ்: அண்ணி விளக்கமாச் சொல்லுறன், முழுக்க வாசிச்சிட்டு ஏசுங்கோ. இது கண்டபடி ஓடுற விளையாட்டில்லை. 1994இல கொஞ்சச் சிநேகிதர் சேந்து தொடங்கினது. வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு மொன்பர்னாஸ் ஸ்ரேசனடியில எல்லாரும் கூடுவினம். ஒரு 30 கிலோமீற்றர். சுத்திப்போட்டு அதே இடத்துக்கு வர இரவு ஒண்டாகும். ஒவ்வொரு கிழமையும் வேற வேற றோட்டு. பொலிஸ் கூடப் போகும். மஞ்சள் சேட் போட்ட தொண்டர்மார் ஒவ்வொரு சந்தியிலயும் முன்னுக்கு ஓடிப்போய் நிண்டு, கடைசி ஆள் தாண்டும்வரை வாகனத்தை விடமாட்டினம். பின்னால அம்புலன்ஸ். காசு இல்லை. மழை பெஞ்சு றோட்டு ஈரமா இருந்தா அண்டைக்கு இல்லை.

ரவி சித்தப்பா பாரிஸ்: இன்னும் இருக்கு, பொறுங்கோ

சுதன் மச்சான் லண்டன்: 😴

ரவி சித்தப்பா பாரிஸ்: நான் முந்தி வேலை செய்த ரெஸ்ரோறண்ட் அந்தப் பக்கம்தானே. வெள்ளிக்கிழமை குசினி கழுவி முடிச்சு, குப்பை வாளியை வெளியில தள்ளிக்கொண்டு வருவன். முதல்ல ஒண்டும் தெரியாது, சத்தம்தான் வரும். கச்சான் வறுக்கேக்க தாச்சியில மணல் உரசுமே, அந்தச் சத்தம். பிறகு பொலிஸ் மோட்டச்சைக்கிள். பிறகு சனம், சனம், சனம். கோட்டுப் போட்ட கிழவர் பின்னால கையைக் கட்டிக்கொண்டு போவார். ஒருத்தி முதுகில ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டு போவாள். ஒருக்கா 20 நிமிசம் வாளியோட நிண்டனான், மற்றப் பக்கம் போக வழியில்லை. முதலாளி உள்ளுக்க நிண்டு கத்துறார். எனக்கெண்டா இன்னும் கொஞ்சம் போகட்டும் எண்டு இருந்தது.

நான்: சித்தப்பா இது வடிவா இருக்கு

அம்மா: வடிவு கிடக்கட்டும். வாற மாசம் 14 கலியாணம்

அம்மா: தோழன் ஆர்?

காலை 6:58
பவா மாமி கனடா: ஐயோ ஓம் என்ன

பவா மாமி கனடா: மாப்பிள்ளைக்கு ஆர் கால் கழுவுறது

கௌசி அக்கா: எத்தினை நாள் இருக்கு

நான்: 26

கௌசி அக்கா: விழேக்க கையை ஊண்டினா முதல் போறது அந்த ஆரை எலும்புதான். எங்கட வார்ட்டிலயும் வழுக்கி விழுந்து வாறவைக்கு அதுதான் கனக்க. 5, 6 கிழமை பிளாஸ்ரர் இருக்கும். கலியாணத்தண்டு கழட்ட ஏலாது

கௌசி அக்கா: சித்தப்பா, அவன் மணிக்கட்டுக்குக் காப்புப் போட்டவனோ? உள்ளங்கைப் பக்கம் கட்டிப் பிளாஸ்ரிக் வச்சது

ரவி சித்தப்பா பாரிஸ்: இருக்கு

ரவி சித்தப்பா பாரிஸ்: பையுக்குள்ள

கௌசி அக்கா: 🤦

அம்மா: உப்புவெளிப் பக்கம் ஒரு முறிவு வைத்தியர் இருக்கிறார். துவாவை நேரத்தோட வரச் சொல்லி அவரிட்ட நோவெண்ணெய் போட்டா 15 நாளில

கௌசி அக்கா: சித்தி பிளாஸ்ரருக்கு மேலால எங்க எண்ணெய் பூசுறது

பெரியப்பா: தோழன் என்பவர் பெண்ணின் சகோதரன். மாப்பிள்ளையை வரவேற்று, செம்பில் நீர் வார்த்துப் பாதம் கழுவ வேண்டும். மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் அணிவிப்பார். ஒரு கையால் செய்வது முறையன்று. உடன்பிறந்தான் இயலாதவிடத்து ஒன்றுவிட்ட சகோதரன் செய்யலாம்.

பவா மாமி கனடா: அப்ப சஞ்சு இருக்கிறான்தானே பெரியண்ணை

பெரியப்பா: நான் பெயர் குறிப்பிடவில்லை.

காலை 7:20
அம்மா: சஞ்சுவுக்கு ஏன் கரைச்சல். கிணத்தடி வேலியை வந்து பாக்கவே நேரமில்லாத பிள்ளை

கௌசி அக்கா: சித்தி...

பெரியப்பா: வேலி 1998இல் போடப்பட்டது. காணி உறுதியைப் பார்த்துக் கதைக்கவும்.

அம்மா: உறுதி உங்கட அலுமாரியிலதானே அத்தான் இருக்கு. நாங்கள் என்னத்தைப் பாக்கிறது

அப்பா: சாந்தி

நான்: என்ர கலியாணத்தைக் கதைக்கிறீங்களோ வேலியைக் கதைக்கிறீங்களோ

அபி: குரல் பதிவு 0:48

அபி: அது அப்பம்மா கதைச்சது. போனைத் தூரத்தில பிடிச்சிட்டா, விளங்காது. நான் எழுதுறன். அவ கேக்கிறா, முன்னால பொலிஸ் போகுது, பின்னால அம்புலன்ஸ் போகுது, சந்தி சந்தியா றோட்டு மறிக்கினம், நடுவில வாற சாமி ஆர் எண்டு

ரவி சித்தப்பா பாரிஸ்: சாமி இல்லை அம்மா. சனம்தான்

அபி: அப்பம்மா: சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வாறமாதிரியோ?

ரவி சித்தப்பா பாரிஸ்: கிட்டத்தட்ட அப்பிடித்தான். ஆனா ஒவ்வொரு வெள்ளியும்

அபி: அப்பம்மா: படலையில நிறைகுடம் வைப்பினமோ?

ரவி சித்தப்பா பாரிஸ்: இல்லையம்மா. யன்னலால பாத்துக் கை காட்டுவினம்

அபி: அப்பம்மா: அப்ப விழத்தான் செய்யும்

நான்: 😂😂😂

கௌசி அக்கா: 😂

அப்பா: 😂

அம்மா: அப்பாவும் மகளும் சிரிக்கினம். நல்லது

காலை 11:05
சுதன் மச்சான் லண்டன்: இப்பதான் எழும்பினன். 74 மெசேஜ். துவா ஓகேயோ? இஞ்ச லண்டனிலயும் இது இருக்கு. வெள்ளி பின்னேரம் 8 மணிக்கு ஹைட் பார்க்கில இருந்து. ஞாயிறு மத்தியானமும் இருக்கு, அது லேசு. நானும் ரெண்டு தரம் போனனான்

ரவி சித்தப்பா பாரிஸ்: அது சின்னக் கூட்டம் சுதன். இஞ்ச ஆயிரக்கணக்கில வந்த காலம் இருக்கு. பொலிஸ்காரரே சில்லுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாறவை. பழகாத ஆக்களுக்கு இஞ்சயும் ஞாயிறு இருக்கு, பஸ்தீய்ல இருந்து, ரெண்டரை மணிக்கு, 20 கிலோமீற்றர் வரும். துவாவை அதில ஒரு வருசம் ஓடிப் பழகிட்டுப் போ எண்டுதான் சொன்னனான். நிப்பாட்டத் தெரியாட்டி வெள்ளிக்கு வராதே எண்டு அவையே சொல்லுறவை. ஓடுறது லேசு, நிக்கிறதுதான் வித்தை. குதியில இருக்கிற கட்டையை உரசி நிக்கவேணும், இல்லாட்டி மற்றக் காலைக் குறுக்கால இழுக்கவேணும். கல்லுப் பதிச்ச றோட்டு வந்தா முழங்காலை மடிச்சுக்கொண்டு

சுதன் மச்சான் லண்டன்: மாமா நீங்கள் எத்தினை தரம் ஓடினனீங்கள்

ரவி சித்தப்பா பாரிஸ்: நான் ஓடேல்ல. பாத்தனான்

சுதன் மச்சான் லண்டன்: சரி 🙏

பெரியப்பா: 1760களில் மேர்லின் என்ற பெல்ஜிய நாட்டவர் லண்டனில் ஒரு விருந்து மண்டபத்துக்குள் சில்லுச் சப்பாத்துடன் வயலின் வாசித்தபடி நுழைந்து, நிறுத்தத் தெரியாமல் பெரியதொரு நிலைக்கண்ணாடியில் மோதி அதை உடைத்ததாகச் சொல்வர்.

அம்மா: அவற்ர அக்காவுக்கும் கலியாணமோ அத்தான்

கௌசி அக்கா: 😂😂

பெரியப்பா: 🙂

(பெரியப்பா இந்தக் குறூப்பில் சிரிச்சது இதுதான் முதல்தரம். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சிருக்கிறன்.)

காலை 11:31
அபி: பெரியப்பா, நாங்கள் இஞ்ச செய்தா என்ன? எங்கட வகுப்பில 7 பேர். உள்துறைமுக வீதி பின்னேரம் வெறுமையாத்தானே கிடக்கு

கௌசி அக்கா: மாடு

சுதன் மச்சான் லண்டன்: மான். பஸ் ஸ்ராண்டுப் பக்கம் மான் குறுக்கால வந்தா பிரேக் எங்க பிடிப்பாய்

நான்: ஓட்டோ

ரவி சித்தப்பா பாரிஸ்: மணலையும் சேருங்கோ. டச்சு பே கடற்கரைப் பக்கம் காத்து அடிச்சா றோட்டெல்லாம் மணல். சில்லு 8 சென்ரிமீற்றர்தான், சின்னக் கல்லுக்கே நிண்டிடும். சில்லு நிக்கும், நீ நிக்கமாட்டாய்

அபி: உவர்மலை இறக்கத்தால வந்தா?

கௌசி அக்கா: நேரா எங்கட வார்ட்டுக்கு வரலாம்

அபி: கும்பத் திருவிழாவுக்கு இரவிரவா றோட்டு மறிக்கினம்தானே. எங்களுக்கு ஒரு மணித்தியாலம் மறிக்கமாட்டினமோ

அப்பா: நல்ல கேள்வி

அம்மா: நீங்கள் வாயை மூடுங்கோ

கலா சித்தி: அபி போனை அப்பம்மாட்டக் குடுத்திட்டு ரியூசனுக்குப் போ

பவா மாமி கனடா: சாந்தி அண்ணி, கூறைக்கு பிளவுஸ் தைக்கக் குடுத்தாச்சோ? இஞ்ச ஒரு பிள்ளை கல்லு வச்சுத் தைக்கிறாள்

அம்மா: பவா நீ அங்க இப்ப நடுச்சாமம், படு

பிற்பகல் 2:20
துவா: எழும்பிட்டன். இடக்கையால அடிக்கிறன். பிழை வரும்

அம்மா: ராசா

அம்மா: நோகுதோ

துவா: கொஞ்சம். விரல் அசையுது. மோதிரம் போடலாம் எண்டு நினைக்கிறன்

கௌசி அக்கா: வீக்கம் வத்தட்டும். கையை நெஞ்சளவுக்கு மேல தூக்கி வை. தண்ணி படவிடாதே

துவா: செம்பு?

கௌசி அக்கா: அதுதான் பிரச்சினை

அம்மா: ஓட்டத்தில விழுந்தனியோ? ஆரும் இடிச்சதோ? வேகமாப் போனனியோ?

துவா: இல்லை அம்மா. அரைவாசித் தூரம் போயிட்டுது. நல்ல றோட்டு, லேசான இறக்கம். போன் அடிச்சுது

அம்மா: அதைப் பாக்கத்தான் வேணுமோ

துவா: வட்ஸப் கோல் சத்தம். ஊரில 3 மணி. அந்த நேரத்தில ஊர்க் குறூப்பில இருந்து கோல் வந்தா என்ன நினைப்பன். அப்பம்மாவுக்குத்தான் ஏதோ எண்டு நினைச்சன். பொக்கற்றுக்குள்ள கையை விட்டன். அவ்வளவுதான்

நான்: துவா...

ரவி சித்தப்பா பாரிஸ்: இதை நீ எனக்குச் சொல்லேல்லையே

துவா: பிறகு எடுத்துப் பாத்தன், கட்டாயிட்டுது. மஞ்சள் சேட் போட்ட அக்கா ஒராள் பக்கத்தில இருந்து போனைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ. இடக்கையால அப்பாவுக்கு அடிச்சன். அப்பம்மா குறட்டை விடுறா எண்டு அப்பா சொன்னார். பிறகுதான் கை நொந்தது

அம்மா: அப்ப உங்களுக்கு 3 மணிக்கே தெரியும்

அப்பா: ஓம்

அபி: மேல போய்ப் பாருங்கோ. 3:04. கோல் எடுத்தது ஆர் எண்டு

சஞ்சு அண்ணா: 👀

பவா மாமி கனடா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பவா மாமி கனடா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுதன் மச்சான் லண்டன்: அம்மா நீங்கள் இன்னும் படுக்கேல்லையோ

பவா மாமி கனடா: பேரன் போனை வச்சு விளையாடினவன். நான் குசினியில நிண்டனான். கைதவறி அமத்திட்டான் போல. நான் கண்டனானோ

பவா மாமி கனடா: துவா குஞ்சு குறை நினையாதே

துவா: பரவாயில்லை மாமி

பிற்பகல் 3:10
அபி: அப்பம்மா சொல்லுறா, அவ இருக்கிறவரைக்கும் ஒருத்தரும் இரவு 9 மணிக்குப் பிறகு குறூப்பில கோல் எடுக்கக்கூடாதாம். அவ போனா எடுக்கலாமாம்

அம்மா: மாமியின்ர வாயை

சுதன் மச்சான் லண்டன்: ஆற்ர 9 மணி? எங்கட 9ஓ ஊர் 9ஓ

ரவி சித்தப்பா பாரிஸ்: இதுக்கு ஒரு அட்டவணை போடலாம். கனடாவுக்கும் ஊருக்கும் இப்ப 9 அரை மணித்தியாலம், பாரிசுக்கு 3 அரை

நான்: சித்தப்பா வேண்டாம்

அம்மா: தோழனுக்கு என்ன முடிவு

பெரியப்பா: ஐயருடன் கதைத்தேன். செம்பை வேறொருவர் பிடிக்க, துவாரகன் இடக்கையால் தொட்டுக்கொண்டால் போதும் என்கிறார். மோதிரமும் துவாரகனுக்கே. செம்பு பிடிப்பவர் யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அம்மா: ம்

அம்மா: சஞ்சு, 14 உனக்கு லீவோ

சஞ்சு அண்ணா: கேட்டுப் பாக்கிறன் சித்தி. மேலதிகாரி ஒரு மாதிரி

அம்மா: கேட்டுச் சொல்லு. வேலிக் கதையைப் பிறகு கதைப்பம்

பெரியப்பா: கதைப்பதற்கு ஒன்றுமில்லை.

அப்பா: ஆளுக்கொரு வேட்டியோ? செம்பு பிடிக்கிறவருக்கும் பட்டு எடுக்கவேணுமோ? கடைக்காரர் கேக்கிறார். 5 மணிக்குப் பூட்டிடுவினம்

அம்மா: பொறுங்கோ

கௌசி அக்கா: துவாவுக்கு அரைக்கை சேட். பிளாஸ்ரர் முழுக்கைக்குள்ள போகாது

அபி: துவா அண்ணா, இனி ஓடமாட்டீங்கள்தானே. அந்தச் சப்பாத்து என்ன சைஸ்?

துவா: 42

அபி: எனக்கும் 42

துவா: சூட்கேஸில இடம் இருக்கு

கலா சித்தி: அபி!!