பிஸ்டல் மேகசின்ல 13 தோட்டாவையும் போடணுமா, 12-ஓட நிறுத்தணுமா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஓய்வு எஸ்.எஸ்.ஐ., மதுரை

ஆயுதப்படையில இருந்து பி.எஸ்.ஓ. டூட்டிக்கு, அதாவது முக்கியப் புள்ளிகளோட தனிப் பாதுகாப்புக்குப் போய் பல வருஷம் பார்த்தவன் நான். இடுப்புல இருந்தது இஷாப்பூர் 9 எம்.எம். பிஸ்டல். பிரவுனிங் ஹை பவர் மாதிரியில நம்ம நாட்டுல செஞ்சது. தோட்டா அடைக்கிற மேகசின்ல 13 ரவுண்டு (தோட்டா) பிடிக்கும். எனக்குக் கொடுத்தது ரெண்டு மேகசின், 26 ரவுண்டு. கணக்கு சரியா இருக்கே, ரெண்டுலயும் 13 போட்டுட்டாப் போச்சுன்னுதான் ரொம்ப நாள் இருந்தேன்.

ஒரு சித்திரைத் திருவிழா. அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முந்தின ராத்திரி ஆயுதத்தை வாங்கி, தோட்டாவை அடைச்சு, ஸ்லைடு (பிஸ்டல் மேல முன்னும் பின்னும் நகர்ற பாகம்) மூடியிருக்கும்போதே மேகசினைக் கைப்பிடிக்குள்ள ஏத்தினேன். சேம்பர், அதாவது சுடத் தயாரா தோட்டா நிக்கிற அறை, காலி. அதுதான் எங்க வழக்கம். மேகசின் உள்ள போச்சு, உறையில செருகி மூடியையும் போட்டுட்டேன். தல்லாகுளத்துல எதிர்சேவைக் கூட்டம், விடியக்காலம் வைகைக்கரையில அதைவிடப் பெருங்கூட்டம். நான் காவலுக்கு நின்ன பெரியவர் பக்கத்துல ஒரு கை அகலம் இடம் கிடையாது. தண்ணி பீய்ச்சுறவங்க ஒரு பக்கம், சாமி வந்து ஆடுறவங்க ஒரு பக்கம். என் வலது கை முழுநேரமும் உறை மேலதான்.

மறுநாள் மதியம் ஆயுதத்தை ஒப்படைக்கப் போனேன். ஆயுதங்களைப் பார்த்துக்கற ஆர்மரர் உறையில இருந்து எடுத்ததும் அப்படியே நின்னுட்டார். மேகசினோட அடித்தட்டு கைப்பிடிக்கு வெளிய அரை விரக்கடை தொங்கிக்கிட்டு இருந்தது. "ராத்திரியிலிருந்து இப்படியேவாண்ணே சுத்துனீங்க?"ன்னு கேட்டார். எனக்குக் கால் வெலவெலத்துப் போச்சு.

அவர் திட்டல. தோட்டாவை எல்லாம் எடுத்துட்டு மருந்தில்லாத டிரில் ரவுண்டு 13 போட்டார். ஸ்லைடை மூடி வச்சு மேகசினை ஏத்தச் சொன்னார். ஏத்தினேன், 'டக்'ங்கிற சத்தம் வரல. மேல் ரவுண்டு ஸ்லைடோட அடிப்பாகத்துல போய் முட்டுது. அது இறங்கிக் கொடுக்கணும்னா கீழ ஸ்பிரிங்குல இடம் வேணும், 13 போட்டா அந்த இடம் இல்லை. உள்ளங்கையால ஓங்கி ஒரு தட்டு தட்டினாத்தான் மேகசினைப் பிடிச்சு நிறுத்தற கொக்கி மாட்டுது. ஒரு ரவுண்டை எடுத்துட்டு 12-ஓட ஏத்தினா விரலால தள்ளினதுக்கே மாட்டிக்கிச்சு. ஸ்லைடைப் பின்னால இழுத்து நிறுத்திட்டு ஏத்தினா 13-ம் சுலபமாப் போகுது.

அதுக்கப்புறம் காட்டினதுதான் இன்னும் தூக்கத்துல வருது. கொக்கி மாட்டாம தொங்குற மேகசினோட ஸ்லைடை இழுத்து விட்டார். ரவுண்டு தாழ்வா இருக்கறதால ஸ்லைடு அதை எடுக்கவே இல்லை. சேம்பர் காலியாவே கிடந்தது. அதாவது லட்சக்கணக்கான ஜனத்துக்கு நடுவுல, ஒருத்தர் உயிரை என்கிட்ட ஒப்படைச்சிருந்த அந்த ராத்திரி பூரா, என் இடுப்புல இருந்தது வெறும் இரும்பு.

அன்னியிலிருந்து 12-தான். உங்களுக்கு என்ன நடந்துச்சு, எழுதுங்க.

பேரையூர் ஃபௌஜி

வணக்கம்ண்ணே. நான் மெட்ராஸ் ரெஜிமென்ட், வெலிங்டன்ல டிரெயினிங். கார்பைன்னு சொல்ற குட்டை இயந்திரத் துப்பாக்கியோட மேகசின்ல 34 பிடிக்கும், எங்க உஸ்தாத் (பயிற்சி கொடுக்கறவர்) ரெண்டு குறைச்சுத்தான் போடச் சொல்வார். அவருக்கு அந்தப் பழக்கம் முந்தின தலைமுறை ஆளுங்ககிட்ட இருந்து வந்தது. அவங்க வச்சிருந்த பழைய ஸ்டென் துப்பாக்கி மேகசின்ல 32 பிடிக்கும். ரெண்டு வரிசையா வர்ற ரவுண்டு வாய்ப்பக்கம் ஒத்தை வரிசையா நெருங்கி வரணும், அந்த இடத்துல நெரிசல் ஆகி சிக்கிக்கும். அதனால 28, 30-ஓட நிறுத்திக்குவாங்க. அமெரிக்கக்காரனும் வியட்நாம்ல எம்-16 ரைஃபிளுக்கு வந்த 20 ரவுண்டு மேகசின்ல சிக்கக் கூடாதுன்னு 18 போட்டதுண்டு.

ஆனா ஒண்ணு, குறைச்சுப் போடறதே மருந்துன்னு நினைச்சுடக் கூடாது. என் செக்‌ஷன்ல ஒரு ரைஃபிள் மேகசின் 20-க்கு 18 போட்டாலும் சிக்கும். வாய் விளிம்பு ஒரு பக்கம் லேசா விரிஞ்சிருந்தது. எங்கயோ கல்லுல விழுந்திருக்கு, கீழ போட்டவன் சொல்லல. அதுக்கு சிவப்பு பெயின்டால ஒரு கோடு போட்டு கோத்துல (ஆயுதக் கிடங்குல) திருப்பிக் கொடுத்தேன்.

மேலூர் ரைஸ்மில்

என்கிட்ட இருக்கறது லைசென்ஸ் வாங்கின .32 பிஸ்டல். 9 எம்.எம். எங்களை மாதிரி ஆளுங்களுக்குத் தரமாட்டாங்க. முழு மேகசினை பீரோவுல வச்சா ஸ்பிரிங் செத்துப்போயிடும்னு உறவுக்காரர் ஒருத்தர் பயமுறுத்தினார். பயந்துக்கிட்டு மாசாமாசம் ரவுண்டை எடுக்கறதும் போடறதுமா இருந்தேன். துப்பாக்கிக் கடையில வேலை தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் அதைக் கேட்டுட்டு, "அமுங்கியே கிடந்தா நல்ல ஸ்பிரிங்குக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, நீ அமுக்கி அமுக்கி எடுக்கறதுலதான் தேயுது"ன்னார்.

எனக்குக் கோளாறு வந்தது வேற இடத்துல. 2021 தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைக்க எடுத்தப்போ தோட்டாவுல பச்சைப் பச்சையாக் களிம்பு. தோல் பையில போட்டு வச்சிருந்தேன், பித்தளைக்கும் தோலுக்கும் ஆகாதாம். ரெண்டு தோட்டா மேகசினுக்குள்ள போகவே முரண்டு பிடிச்சது. 2024-ல ஒப்படைக்கும்போது துணிப்பை, சுத்தமா இருந்துச்சு. எத்தனை போடறோம்ங்கறதுக்கு முன்னால எதைப் போடறோம்னு பார்க்கணும்.

நரிமேடு ஷூட்டர்

நான் 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் சுடற பொண்ணு. போட்டியில ஒரு சீரிஸுக்கு 5 ரவுண்டுதான், அதனால இந்தச் சங்கடம் எனக்கு வந்ததில்லை. ஆனா .22 தோட்டாவுக்குப் பின்னால விளிம்பு நீட்டிக்கிட்டு இருக்கும். மேல வர்ற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்கறதோட விளிம்புக்கு முன்னால நிக்கணும். பின்னால போயிட்டா ஒண்ணையொண்ணு பூட்டிக்கும், 5 போட்டாலும் நிக்கும். ஒரு போட்டியில மூணாவது ரவுண்டுல எனக்கு அப்படி நின்னுபோச்சு. இப்போ ஒவ்வொண்ணாக் கட்டைவிரலால தடவிப் பார்த்துத்தான் போடறேன். சார், எனக்கு ஒரு சந்தேகம். 26 ரவுண்டுல 24 போட்டா மிச்சம் ரெண்டை என்ன செஞ்சீங்க?

ஓய்வு எஸ்.எஸ்.ஐ., மதுரை

நல்ல கேள்விம்மா. ஒரு ரவுண்டு காணாமப் போனா விசாரணை, மெமோ, எல்லாம் வரும். அதனால அந்த ரெண்டையும் காடாத்துணியில தனித்தனியாச் சுத்தி சட்டை இடது பாக்கெட்டுல வச்சு பட்டன் போட்டுக்குவேன், சாவி சில்லறை எதுவும் அதுல போடமாட்டேன். ஒப்படைக்கும்போது 12, 12, 2-ன்னு மேசையில நிறுத்தி எண்ணிக் காட்டிக் கையெழுத்து வாங்குவேன்.

ஃபௌஜி சொன்னதை ஒத்துக்கறேன். 12-ங்கறது என் கைக்கும் அந்த மேகசினுக்கும் சரிப்பட்ட எண்ணிக்கை. ஸ்லைடைப் பின்னால நிறுத்திட்டு ஏத்தறவர் 13 போடட்டும், தப்பில்லை. ஆனா ஏத்தின பிறகு அடித்தட்டைப் பிடிச்சுக் கீழ ஒரு இழு இழுத்துப் பார்க்காம உறையில வைக்காதீங்க. அன்னிக்கு அந்த ஒரு இழு இழுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

இப்போ டூட்டியில இருக்கற பசங்க க்ளாக் 17 வச்சிருக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்கப்பா. 17-ஐயும் போட்டு மூடின ஸ்லைடுல ஏத்தினா எப்படி இருக்கு?

திருமங்கலம்

ஐயா, புது மேகசின்ல 17-வது ரவுண்டைப் போடறதுக்குள்ள கட்டைவிரல் நகம் போயிடும். மூடின ஸ்லைடுல ஏத்தறதுக்கு நல்லா ஒரு அடி அடிக்கணும், இல்லேன்னா உங்களுக்கு நடந்ததேதான் நடக்கும். கொஞ்சம் பழகின மேகசின்ல பரவாயில்லை. நான் 16 போடறேன். உங்க பதிவைப் படிச்சுட்டு இன்னிக்குக் காலையில ரெண்டு மேகசினையும் இழுத்துப் பார்த்துட்டுத்தான் வண்டியில ஏறினேன்.