பிந்துனுவெவ வழக்கில் தோற்றது சாட்சியமா, சமநீதியா?

மலைச்சாரல் (பண்டாரவளை):
2000 ஒக்டோபர் 25 அன்று, இலங்கையின் மலைநாட்டில் எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் காவலில் இருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள், ஆயுதம் தாங்கிய பொலிசார் நின்றிருக்கவே, ஒரு கும்பலால் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். 2003இல் மூன்று நீதிபதிகள் கொண்ட மேல் நீதிமன்றம் இரு பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதித்தது; 2005 முடிவதற்குள் அனைவரும், சாட்சியம் போதாதென, நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். இம்முடிவுக்கும் இறந்தவர்கள் தமிழர் என்பதற்கும் தொடர்பில்லை என்று இங்கே சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியாது.

எல்லவாசி:
அண்ணன், அந்த இழப்பின் பாரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படாத குற்றத்துக்கு ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்புவது எந்த இனத்துக்கும் நீதியாகாது. 1996இல் நடந்த யாழ்ப்பாணத் தமிழ் மாணவி கிருஷாந்தி குமாரசாமியின் கொலைக்காக 1998இல் படையினர் தண்டிக்கப்பட்டனர். மறுபுறம், 1987 முதல் 1990 வரை ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பெருந்தொகையான சிங்கள இளைஞர்களுக்காக எம்பிலிப்பிட்டியவில் பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்ட வழக்கைப் போல் தண்டனையில் முடிந்த வழக்குகள் மிகச் சிலவே. ஆகவே, தன் ஆட்களைக் காப்பாற்றும் அரச இயந்திரத்தைத்தான் நாம் குற்றம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

மலைச்சாரல்:
சாட்சியம் தானாக முளைப்பதில்லை, தம்பி. அதைத் திரட்ட வேண்டியவர்கள் பொலிசார். இவ்வழக்கில் கைகட்டி நின்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களும் பொலிசார். திரட்டாமல் விட்டவர்களுக்கே சாட்சியம் போதாமை சாதகமாகிறது என்றால், அதைச் சட்டத்தின் நடுநிலை என்று எப்படிச் சொல்வது? தண்டனை கிடைத்த வழக்கையும் பாருங்கள்: 2000 டிசம்பரில் மிருசுவிலில் தமிழ்ப் பொதுமக்கள் எண்மரைக் கொன்றதற்காக 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவச் சார்ஜன்ட், 2020 மார்ச்சில் சனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தார்.

தலவாக்கலை சட்டத்தரணி:
நாள்தோறும் நடப்பதையும் இருவரும் கவனிக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் தேயிலைத் தோட்டத்திலிருந்து பொலிசில் முறைப்பாட்டுக்கு வருபவரின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, அவர் வாசிக்க இயலாத பக்கத்தில் கையெழுத்து வாங்கப்படுவதை இன்றும் காண்கிறோம். வழக்கு நீதிமன்றம் வரும்போது அந்தப் பக்கமே அவருக்கு எதிராக நிற்கும், ஏனெனில் சாட்சிக்கூண்டில் அவர் சொல்வது அதிலிருந்து சிறிது விலகினாலும் முரண்பாடு எனக் காட்டப்படும். சிங்கராசா என்ற தமிழரின் வழக்கில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1995இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது (மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது). அதற்கு அடிப்படை அவருக்குப் புரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட குற்ற ஒப்புதல். நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் கூறியது. 2006இல் உயர் நீதிமன்றம் தன் முடிவை மீளாய்வு செய்ய மறுத்தது. அரசு ஒருவரின் உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்தில் கொடுக்கும் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாத அவகாசமே உண்டு, அதையும் கொழும்பில்தான் தாக்கல் செய்ய வேண்டும். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்த ஒரு மாதம் பயணச் செலவைத் தேடுவதிலேயே கழிந்துவிடுகிறது.

எல்லவாசி:
மொழி குறித்து நீங்கள் சொன்னது சரி, ஐயா. அதில் சிங்களக் கிராமத்தவர் படாத கூடுதல் பாதிப்பு நமக்கு உண்டு. ஆயினும் தமிழ் தெரிந்த அதிகாரி வந்தமர்ந்தாலும், பொலிசார் மீதான குற்றத்தைப் பொலிசாரே விசாரித்து, அரசின் சட்ட ஆலோசகரான சட்டமா அதிபரே வழக்கையும் நடத்தும்வரை, முடிவு பெரிதாக மாறாது. அதற்காக எழுந்துள்ள, சட்டமா அதிபரைச் சாராத சுயாதீன வழக்குத் தொடுநர் அலுவலகத்துக்கான கோரிக்கையை இனப் பிரச்சினையாக மட்டும் முன்வைத்தால் தெற்கின் ஆதரவை இழப்போம்.

மலைச்சாரல்:
அந்த அலுவலகத்தை நானும் கேட்கிறேன். ஆனால் தெற்கின் ஆதரவுக்காக இனத்தைப் பேசாமல் விட மாட்டேன். அந்த முகாமில் இருந்தவர்கள் தமிழர் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள். விடுவிக்கப்பட்ட ஐவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்க இயலாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கும்பலில் இருந்தும் குற்றப்பத்திரிகையில் இடம்பெறாதவர்கள் உண்டு. இந்நாட்டுச் சட்டத்தில் ஏனைய பெரும்பாலான குற்றங்களுக்கு வழக்குத் தொடர 20 ஆண்டுக் காலவரையறை இருந்தாலும் கொலைக்கு அது இல்லை. எனவே கோப்பை மீண்டும் திறக்கத் தடையில்லை.