சக செவிலியர்களின் துன்புறுத்தலை அளக்க எந்தக் கேள்வித்தாள் சரி?

இரவு ஷிப்ட் எழுதியது:

எங்கள் மருத்துவமனையில் செவிலியர்களுக்குள் நடக்கும் மட்டம் தட்டல், ஒதுக்கிவைத்தல், மிரட்டல் இதையெல்லாம் கணக்கெடுத்து அறிக்கை தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நிர்வாகம் கொடுத்த படிவத்தில் இருப்பது ஒரே கேள்வி: "பணியிடத்தில் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருக்கிறீர்களா? ஆம் / இல்லை." ஒரு வார்டில் கொடுத்துப் பார்த்தோம், அத்தனை பேரும் "இல்லை".

அதே வார்டில் ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்தால் கதையே வேறு. புதிதாகச் சேர்ந்த பெண் ட்ரிப் எத்தனை மணிக்கு மாற்றியது என்று சொல்லத் தொடங்கியதுமே சீனியர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவள் சந்தேகம் கேட்டால் "இதுகூடத் தெரியாம எப்படி பாஸ் பண்ணினே?" என்று எல்லோர் முன்னாலும் பதில் வருகிறது. அந்தப் பெண்ணும் "இல்லை" என்றுதான் டிக் செய்திருக்கிறாள். இதை எப்படி அளப்பது? பயன்படுத்திப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய ட்யூட்டர் எழுதியது:

அந்தப் படிவத்தைத் தூக்கிப் போடுங்கள் சிஸ்டர். "நான் துன்புறுத்தப்பட்டேன்" என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது, தன்னைப் பலவீனமானவள் என்று தானே எழுதிக் கொடுப்பது போல இருக்கும். என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.

இதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது 'நெகட்டிவ் ஆக்ட்ஸ் கொஸ்சனேர்' என்பதன் திருத்திய வடிவம். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐனார்சன் குழு 2009-இல் வெளியிட்டது. 22 கேள்விகள். வேலைக்குத் தேவையான தகவலை மறைத்தார்களா, வதந்தி கிளப்பினார்களா, பேச்சிலிருந்து ஒதுக்கினார்களா, முடிக்கவே முடியாத வேலையைச் சுமத்தினார்களா, இப்படிப் போகும். கடந்த ஆறு மாதத்தில் ஒருபோதும் இல்லை, எப்போதாவது, மாதாமாதம், வாராவாரம், தினமும் என்று ஐந்து பதில்கள். அந்த 22-இல் எங்கேயும் துன்புறுத்தல் என்ற சொல்லே வராது, அதுதான் அதன் சாமர்த்தியம். கடைசியில் துன்புறுத்தல் என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்துவிட்டு நேரடிக் கேள்வியையும் தனியாகக் கேட்கலாம். இரண்டையும் ஒப்பிட்டால், செயல்களை வைத்து எண்ணும்போது பொதுவாகக் கூடுதல் பேர் அகப்படுவார்கள்.

ஒவ்வொரு பதிலுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 22 முதல் 110 வரை. 33-ஐ எட்டினால் எச்சரிக்கை, 45-ஐ எட்டினால் துன்புறுத்தல் என்று எடுத்துக்கொள்ளலாம் என 2013-இல் ஒரு வரையறை முன்வைத்தார்கள். நீங்களாக மொழிபெயர்த்துவிட்டு உடனே புழக்கத்தில் விடாதீர்கள். இன்னொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். உருவாக்கியவர்களிடம் அனுமதியும் கேட்டுவிடுங்கள்.

ரோஸ்டர் கைதி எழுதியது:

ஐயா சொன்ன கேள்வித்தாள் நல்லதுதான், ஆனால் யார் செய்தார்கள் என்று அது சொல்லாது. மருத்துவர் கத்தினாரா, நோயாளியின் சொந்தக்காரரா, வார்டுப் பொறுப்பில் இருக்கும் இன்சார்ஜா, கூட வேலை பார்ப்பவரா என்று தெரியாமல் எதைத் திருத்துவீர்கள்? 'நர்சிங் இன்சிவிலிட்டி ஸ்கேல்' என்று 2010-இல் வந்த ஒன்று இருக்கிறது, அதில் இந்த ஆட்களைத் தனித்தனியாகப் பிரித்தே கேட்பார்கள். ஆனால் அது முகம் சுளித்தல், மரியாதைக் குறைவு என்ற அளவுக்கானது, திட்டமிட்டு ஒருவரைக் குறிவைப்பதை அதை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது.

அப்புறம், நம் வேலையில் ஆளை நோகடிக்க வாயே திறக்க வேண்டாம். கஷ்டமான நோயாளிகள் எல்லோரையும் ஒருத்தி தலையில் கட்டலாம், கேட்ட நாளில் ஆஃப் தராமல் இருக்கலாம், நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கக் கை கொடுக்கக் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருக்கலாம். இதற்கெல்லாம் சாட்சி கிடையாது. டியூட்டி லிஸ்டையும் ஒதுக்கீட்டுப் பதிவேட்டையும் சேர்த்துப் பாருங்கள், யார் மேல் சுமை விழுகிறது என்று ஓரளவு தெரியும்.

சராசரி வேண்டாம் எழுதியது:

புள்ளிவிவரம் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று. வார்டுக்கு ஒரு சராசரி போட்டு அறிக்கை கொடுத்துவிடாதீர்கள். பத்துப் பேர் இருக்கும் வார்டில் ஒன்பது பேர் ஆளுக்கு 24, ஒருவர் மட்டும் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 28.6, பார்க்க அமைதியான வார்டு. எல்லோரும் சேர்ந்து ஒருவரை நசுக்கும் இடம் கணக்கில் இப்படித்தான் தெரியும். வேலையை விட்டுப் போனவர்களும் நீண்ட விடுப்பில் இருப்பவர்களும் படிவம் நிரப்ப வரமாட்டார்கள், மோசமான பதில்கள் அவர்களிடம்தான் இருக்கும்.

கண்டிப்பான சீனியர் எழுதியது:

நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், திட்டாதீர்கள். தப்பான டோஸை ஏற்றப் போகிறவளைப் பார்த்து "நிறுத்து" என்று கத்தினால் அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

பழைய ட்யூட்டர் எழுதியது:

ஒரு தடவை கத்தியது வராது. பணியிடத் துன்புறுத்தல் பற்றிய ஆய்வைத் தொடங்கிவைத்த ஹைன்ஸ் லேமான் போட்ட அளவுகோலே வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும் என்பதுதான். ஆனால் அதை நம் வேலைக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. ஷிப்ட் மாறி மாறி வருகிற இடத்தில் அந்த சீனியரோடு மாதத்தில் சில இரவுகள்தான் சேர்ந்து வேலை இருக்கும், அத்தனை இரவும் நரகமாக இருந்தாலும் படிவத்தில் 'மாதாமாதம்' என்றே விழும். அதனால் ஒன்றாக எத்தனை ஷிப்ட் வேலை செய்தீர்கள் என்று கூடுதலாக ஒரு கேள்வி போடலாம். மதிப்பெண்ணோடு சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஷிப்ட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒரு சந்தேகம்: வயது, அனுபவம், வார்டு மூன்றையும் படிவத்தில் கேட்கச் சொல்கிறார்கள்.

ரோஸ்டர் கைதி எழுதியது:

ஐயோ வேண்டாம். மூன்றையும் கேட்டால் பெயரைக் கேட்டது மாதிரிதான். "ஐ.சி.யூ, 23 வயது, ஒரு வருட அனுபவம்" என்றால் யார் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். வார்டு மட்டும் போதும், ஆள் குறைவான வார்டுகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். முக்கியமாக, நிரப்பிய தாளை இன்சார்ஜ் கையில் கொடுக்கச் சொல்லாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் வாங்கினார்கள், எல்லாத் தாளும் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. வெளி ஆள் யாராவது நேரடியாக வாங்கிப் போகட்டும், அது முடியாது என்றால் நிர்வாகத்திடம் இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.